போளூரிலிருந்து வந்த ஆறடி ஒன்பதங்குலம்

அடுத்தவன் வேர்வையைத் துவைத்துக் காயப்போடுவது சுலபமான தொழில்தான், காயப்போடுகிற ஊர் கொடைக்கானலாக இல்லாதவரைக்கும். இங்கே திங்கட்கிழமை கொடியில் போட்ட பனியன் வியாழக்கிழமை எடுக்கும்போது, போட்டபோது இருந்ததைவிட ஈரமாக இருக்கும். ஹாஸ்டல் வார்டன்களே, லாண்டரிக்காரர்களே, கல்யாண மண்டப வாசலில் செருப்புக்குக் காவல் நிற்கும் புண்ணியவான்களே, உங்களுக்குத்தான் இந்தக் கஷ்டம் புரியும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

எங்களுடையது சம்பளத்துக்கு ஆடுகிற பாஸ்கெட்பால் அணி. எட்டு ஊர் அணிகள் ஆடும் லீக்கில் நாங்களும் ஒன்று. முதலாளி ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருப்பவர். பேரை எழுதினால் கோபித்துக்கொள்வார், எழுதாவிட்டாலும் கோபித்துக்கொள்வார், அதனால் எழுதவில்லை. நான் அந்த அணியின் கிட் மேன். பந்துக்குக் காற்றடிப்பது, கணுக்காலுக்குப் பட்டை சுற்றுவது, ஜெர்ஸி துவைப்பது, தோற்ற பிறகு டீ வாங்கிக் கொடுப்பது எல்லாம் என் இலாகா. அப்பா அம்மா வைத்த பேர் சுந்தரம். கிட் தூக்கித் தூக்கி நான் கிட்டு ஆகிவிட்டேன். ரேஷன் கடையில்கூட இப்போது கிட்டு என்றால்தான் திரும்பிப் பார்க்கிறேன்.

போன வருஷம் எட்டு அணிகளில் எட்டாவதாக வந்தோம். முதலாளி மலையேறி வந்து, வேன் பக்கத்தில் நின்று ஒரே வார்த்தை சொன்னார்: "இந்த வருசமும் கடேசின்னா டீமைக் கலைச்சுட்டு, வேனை வெங்காயம் ஏத்த எடுத்துக்கிருவேன்." பன்னிரண்டு ஆட்டக்காரர்கள், ஒரு கோச், ஒரு டிரைவர், நான். எனக்கு அறுபத்தொன்பது வயசு. வெங்காயம் என்றாலே கண் கலங்கும். ஆகவே இந்த வருஷம் எப்படியாவது ஏழாவது வந்துவிட வேண்டும், அவ்வளவுதான் எங்கள் லட்சியம்.

இனிமேல் நான் சொல்வதில் பாதியை நம்பினால் போதும். எந்தப் பாதி என்பது உங்கள் வசதி.

காலும் கடையும்

இந்த நிலைமையில்தான் சின்னராசு வந்தான். கொடைக்கானலுக்கு மேலே மலைக்கிராமம் போளூரில் காரட்டும் பூண்டும் போடுகிற வீட்டுப் பையன், இருபத்தொரு வயசு. திண்டுக்கல்லில் காலேஜ் டீமில் ஆடியவன். லீவுக்கு ஊருக்குப் போனால் லாரிக்கு லோடு ஏற்றுவான். காய் எடுக்கப் போன எங்கள் முதலாளி, ஏணி இல்லாமல் தரையில் நின்றபடியே லாரிக் கூண்டுக்குள் மூட்டையை வைக்கிற ஒருத்தனைப் பார்த்திருக்கிறார். காரட்டையும் அவனையும் ஒரே லாரியில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஆறடி ஒன்பதங்குலம். கூடைக்குக் கீழே நின்று, எல்லோரையும்விட உயரமாக இருப்பதையே வேலையாகச் செய்கிறவனுக்கு எங்கள் ஆட்டத்தில் சென்டர் என்று பேர். இவன் அதற்கென்றே விளைந்தவன்.

முதல் நாளே ஷூ பிரச்சினை. காலை அளவெடுக்கப் பேப்பரை விரித்து நிற்கவைத்தேன். பாதம் தலைப்புச் செய்தியில் தொடங்கி வரி விளம்பரம் வரைக்கும் போனது. அந்தப் பேப்பரைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற ஷூ கடைக்குப் போனேன். கடைக்காரர் விரித்துப் பார்த்தார். பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு மரியாதையாக மடித்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, இது நம்ம கடைச் சரக்கு இல்லை. லேக்குக்குப் போயிக் கேளுங்க. அங்க துடுப்போட சேத்தே குடுப்பாங்க."

மூன்றாவது கியர்

ஷூ ஒருவழியாகச் சென்னையிலிருந்து வந்தது. முதல் மேட்சுக்குப் பழனிக்கு வேனில் இறங்கினோம். பின் சீட்டில் எங்கே உட்கார்ந்தாலும் சின்னராசுவின் முழங்கால் முன்னால் இருப்பவன் காதைத் தொட்டது. கடைசியில் டிரைவர் பக்கத்தில் உட்காரவைத்தோம். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஒரு தினுசாக முனகிக்கொண்டே போனது. அவன் தூங்கிவிட்டான். தூக்கத்தில் காலை நீட்டுவான், மடக்குவான். வளைவு தவறாமல் வேன் குதித்தது. பழனியில் இறங்கியதும் டிரைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்: "கிட்டண்ணே, இவரு காலை மடக்குனா மூணாவது கியர், நீட்டுனா ரெண்டாவது. இம்புட்டு தூரமும் வண்டிய ஓட்டுனது அவருதான், நான் சும்மா ஆரன் அடிச்சுக்கிட்டு வந்தேன்."

லாபம், ரெண்டு, மூணு

எங்கள் பழைய சென்டர் ஆரோக்கியம். பதினோரு வருஷமாக ஆடுகிறான். முட்டி இரண்டும் தேய்ந்து, ஓடும்போது கதவு திறக்கிற மாதிரி சத்தம் வரும். பாதி நேரம் அவன், பாதி நேரம் சின்னராசு என்று ஏற்பாடு.

சென்டருக்கு ஒரு சட்டம் உண்டு. எதிரணிக் கூடைக்குக் கீழே ஒரு கட்டம் போட்டிருக்கும். பந்து நம்மவர்கள் கையில் இருக்கும்போது அந்தக் கட்டத்துக்குள் மூன்று செகண்டுக்கு மேல் நிற்கக் கூடாது. நின்றால் விசில், பந்து எதிரணிக்கு. பழனியில் சின்னராசு நின்றான், விசில். திரும்ப நின்றான், திரும்ப விசில். ரெஃப்ரிக்குக் கன்னம் வலித்திருக்கும். எங்கள் கோச் பெனடிக்ட் மாஸ்டர் கொடைக்கானலிலேயே பிறந்தவர், கோபம் வந்தால் பாதிதான் தமிழ் வரும். டைம் அவுட் வாங்கி, "மேன், த்ரீ செகண்ட்ஸ்னா த்ரீ செகண்ட்ஸ்! உனக்குக் கவுண்ட் பண்ணத் தெரியாதா?" என்று குதித்தார். "எண்ணிக்கிட்டுத்தான் சார் நிக்கிறேன்" என்றான். "எங்கே, எண்ணு பார்ப்போம்." அவன் மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு ஆரம்பித்தான்: "லாஆஆஆபம்... ரெண்டூ... மூணு."

விஷயம் இதுதான். எங்கள் பக்கத்தில் மூட்டை ஏற்றும்போது ஒன்று என்று யாரும் சொல்வதில்லை. முதல் மூட்டைக்கு லாபம் என்று பேர். அதையும் ராகம் போட்டு இழுக்க வேண்டும், நாலு பேர் ஒன்றாகக் கை கொடுத்துத் தூக்க வேண்டுமே. அந்த லாபத்திலேயே மூன்று செகண்டும் முடிந்துவிடுகிறது. "ஒண்ணுன்னு ஆரம்பிச்சுத் தொலையேன்" என்றார் மாஸ்டர். "அது ஆகாதுங்க சார், வெள்ளாமை வெளங்காது" என்றான் அவன். மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் பந்தைப் பார்த்தேன். முட்டியைத் தடவிக்கொண்டிருந்த ஆரோக்கியம்தான் வாயைத் திறந்தான். "ஏலே, மண்டியில மூட்டை எறக்குறப்ப எப்படிலே எண்ணுவீங்க?" "எறக்குறப்ப வெரசா எண்ணுவோம்ணே. பின்னாடி நிக்கிற லாரிக்காரன் ஆரன் அடிப்பான்ல." ஆரோக்கியம் எழுந்து, அவன் தோளில் தட்ட முயன்று, எட்டாமல் முழங்கையில் தட்டினான்: "அப்ப இன்னியிலேருந்து நீ ஏத்தாத. எறக்கு."

மரியாதை

அந்த மேட்சிலும் தோற்றோம், அதற்கடுத்த நாலிலும் தோற்றோம். ஆனால் தோற்கிற வித்தியாசம் குறைந்துகொண்டே வந்தது. முன்பெல்லாம் பாதி நேரத்திலேயே நான் சாமானைக் கட்ட ஆரம்பித்துவிடுவேன். இப்போது கடைசி நிமிஷம் வரைக்கும் மூட்டையைத் திறந்தே வைத்திருக்க வேண்டியிருந்தது.

சின்னராசுவிடம் இன்னொரு வழக்கம். எதிராளி கூடைக்கு எறிகிற பந்தை வழியிலேயே தட்டிவிடுவது சென்டரின் வேலை. மற்றவர்கள் தட்டிவிட்டு மார்பைத் தட்டிக்கொள்வார்கள். இவன் தட்டிவிட்டு, "மன்னிச்சுக்கங்கண்ணே" என்பான். திருநெல்வேலி அணியில் ஒருத்தர் பந்து எறிவதில் பெரிய கை. வயசு முப்பதுக்கு மேல். அவர் பந்தை ஐந்து தடவை தட்டி, ஐந்து தடவையும் மன்னிப்புக் கேட்டான். ஆறாவது தடவை அவர் பந்தை அப்படியே போட்டுவிட்டு நேராக ரெஃப்ரியிடம் போனார். "என்ன, கையில அடிக்கிறானா?" "இல்லை சார்." "வையிறானா?" அவர் சின்னராசுவைக் கைகாட்டினார்: "வஞ்சாக்கூடப் பரவாயில்லை சார். ஒவ்வொரு தடவையும் தட்டிவிட்டுட்டு, 'அடுத்த தடவை போட்டுருவீங்கண்ணே'ங்கிறான்!"

கோஸ்

அந்தத் திருநெல்வேலி மேட்சில்தான் இந்த வருஷத்தின் முதல் வெற்றி. காரணம் உயரம் என்று பேப்பரில் எழுதினார்கள். அது பாதிதான். மீதியை நான் சொல்கிறேன்.

கூடையில் விழாமல் திரும்பி வருகிற பந்தைப் பிடித்ததும் சென்டர்கள் அதைக் கொஞ்ச நேரம் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பார்கள், போட்டோவுக்கு நிற்கிற மாதிரி. சின்னராசுவின் கால் தரையில் படுவதற்குள் பந்து கையைவிட்டுப் போயிருக்கும். ஏன் என்று கேட்டேன். "முட்டைக்கோஸ் ஏத்துறப்ப கைக்கு வந்ததை ஒடனே அடுத்த ஆளுக்கு எறிஞ்சிரணும்ணே. வச்சுக்கிட்டு நின்னா அடுத்த கோஸ் மூஞ்சியில விழும்" என்றான். எங்கள் சலீம் வேகமாக ஓடுகிறவன் என்று சம்பளம் வாங்குகிறவன். எட்டு வருஷத்தில் அவன் ஓடி நான் பார்த்தது ஒரே ஒரு முறை, அதுவும் காட்டுமாடு கிரவுண்டுக்குள் வந்த அன்று. சின்னராசு எறிந்த முதல் பந்து சலீம் வயிற்றில் விழுந்தது. இரண்டாவது நெற்றியில். மூன்றாவதற்கு அவன் உயிருக்குப் பயந்து ஓடினான். ஓடிய இடத்தில் கூடை இருந்தது, பந்தும் வந்து சேர்ந்தது. மற்ற மூன்று பேரும் இதைப் பார்த்துக்கொண்டார்கள். ஒரு மாசத்தில் சின்னராசு குதிக்கும்போதே நாலு பேரும் ஓடத் தொடங்கிவிட்டார்கள். வரிசையாக மூன்று மேட்ச் ஜெயித்தோம். மூன்றாவது முடிந்ததும் சலீம் பெஞ்சில் விழுந்து, மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டான்: "இவனை எங்கேயிருந்து கிட்டண்ணே பிடிச்சீங்க? எட்டு வருசமா நான் பாட்டுக்கு நிம்மதியா நின்னுக்கிட்டிருந்தேன்."

கொடியில் தொங்கியது

சீசன் நேரம். சின்னராசுவின் ஜெர்ஸியையும் டிராயரையும் துவைத்து, கிரவுண்டு ஓரம் இரண்டு சவுக்கு மரத்துக்கு நடுவில் கட்டிய கொடியில் போட்டு, காற்றில் பறக்காமல் இருக்க நாலு மூலையையும் தரைக்கு இழுத்துக் கல் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பம் காரை நிறுத்தியது. அந்த அம்மா இறங்கி, துணியைத் தொட்டுப் பார்த்தார், குனிந்து உள்ளே பார்த்தார், பிறகு என்னிடம் வந்தார்: "அங்கிள், நாங்க அஞ்சு பேர். இதைவிடக் கொஞ்சம் சின்ன டென்ட் இருக்குமா?"

மேலே வெயில்

எங்கள் கிரவுண்டுக்குக் கூரை கிடையாது. தகரம் போடப்போவதாக முதலாளி வருஷா வருஷம் சொல்லுவார். கோயம்புத்தூர் அணி வந்த அன்று மத்தியானம் மூன்று மணிக்குப் பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வந்து கிரவுண்டுமேல் உட்கார்ந்துவிட்டது. முதலில் கூடை மறைந்தது. அப்புறம் பலகை மறைந்தது. அப்புறம் கழுத்துக்கு மேலே சின்னராசு மறைந்தான். கோயம்புத்தூர்க்காரர்கள் பந்தை மேலே எறிவார்கள், மேகத்துக்குள்ளிருந்து இரண்டு கை வரும், பந்து எங்கள் ஆளிடம் இருக்கும். அவர்களில் ஒருத்தர் குழம்பிப்போய்ப் பந்தை என்னிடம் போட்டார். கையில் டீ இருந்தாலும், பந்தை வாங்கிக்கொண்டு, எந்த அணி என்று விசாரித்து, திருப்பிக் கொடுத்தேன்.

அந்த மேட்சில் நாங்கள் ஜெயித்ததே ஸ்கோர் எழுதுகிறவர் கத்திச் சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரியும். அதற்கு நடுவில் ஒரு தடவை ரெஃப்ரி ஆட்டத்தை நிறுத்தப் பார்த்தார். மேகத்தை அண்ணாந்து பார்த்து, "தம்பி, அங்கயிருந்து ரிங்கு கண்ணுக்குத் தெரியுதா?" என்று கேட்டார். மேலேயிருந்து பதில் வந்தது: "நல்லாத் தெரியுதுங்க சார். இங்க வெயிலடிக்குது."

ஐந்து நாற்காலி

மேட்சுக்கு முன்னால் முதலில் இறங்கப்போகிற ஐந்து பேர் ஜெர்ஸியை ஐந்து நாற்காலியில் நான் விரித்து வைப்பேன். கோச் வாயால் சொல்வதில்லை. என் நாற்காலியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள். ஐந்தாவது நாற்காலி பதினோரு வருஷமாக ஆரோக்கியத்துடையது. எங்கள் கிரவுண்டில் நடந்த அடுத்த மேட்சுக்கு பெனடிக்ட் மாஸ்டர் என் பக்கம் பார்க்காமலே, "ஃபிஃப்த் சேர்ல சின்னராசுது வைங்க" என்றார்.

வைத்துவிட்டேன். ஆனால் ஆரோக்கியம் உள்ளே வந்து அந்த நாற்காலியைப் பார்த்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை. இவ்வளவு வருஷம் பொய் சொல்லிப் பழகிய வாய். "உன் ஜெர்ஸி காயலைப்பா ஆரோக்கியம். ஒரே ஈரம். அதான்..." என்றேன். அவன் கொடிப் பக்கம் போய் ஜெர்ஸியைத் தொட்டுப் பார்த்தான். "கிட்டண்ணே, பதினோரு வருசத்துல இன்னிக்குத்தான் இது நல்லாக் காஞ்சிருக்கு. இன்னிக்குப் பாத்துக் காயலைங்கிறீங்களே" என்று சிரித்துவிட்டு, அதை மாட்டிக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தான். முதல் பாதி முழுக்க ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நானும் அவன் பக்கத்தில் பந்துக்குக் காற்றடிப்பதுபோல் பாவனை செய்துகொண்டு, ஒரே பந்துக்கு மூன்று தடவை அடித்தேன். பாதி நேர விசில் ஊதியதும் அவன் மெதுவாகச் சொன்னான்: "ஆடுறப்பத் தெரியலண்ணே. இங்கயிருந்து பாத்தா இது நல்ல ஆட்டந்தான் போல."

கடைசி மேட்ச்

ஆரம்பத்தில் தோற்றதெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து கடைசியில் கழுத்தைப் பிடித்தது. கடைசி மேட்ச் பழனியில், பழனி அணியுடன். இரண்டு பேருமே அடியில் கிடந்தோம். தோற்கிறவன் எட்டாவது. முதலாளி வந்து முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். வெளியே நிறுத்தியிருந்த எங்கள் வேனை அவர் ஏன் அத்தனை தடவை திரும்பிப் பார்த்தார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆட்டம் முடியப் பத்து செகண்டுகூட இல்லை, இரண்டு பக்கமும் சமம். பழனி ஆள் ஒருத்தன் கூடைக்குத் தாவினான். அந்தரத்தில் நிலை தடுமாறித் தலைகீழாக வந்தான். சின்னராசு என்ன செய்தான்? எம்பி, அவனை இரண்டு கையாலும் பத்திரமாகப் பிடித்து, பச்சைப் பிள்ளையை இறக்கிவிடுவதுபோல் தரையில் நிறுத்தி, சட்டையையும் சரிசெய்துவிட்டான். விசில். எதிராளியைக் கட்டிப் பிடித்தது தப்பு. சின்னராசுவுக்கு அது ஐந்தாவது தப்பு, ஐந்து ஆனால் வெளியே. "விட்டா விழுந்துருவாருங்க சார்" என்றான். ரெஃப்ரிக்கே பாவமாக இருந்தது. ஆனாலும் சட்டம் சட்டம். காப்பாற்றப்பட்டவன் மட்டும் அவன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போய், தண்டனையாகக் கிடைத்த இரண்டு எறிக்குத் தயாராக நின்றான். அத்தனை நன்றி, பாருங்கள்.

ஆரோக்கியம் எழுந்தான். கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பழனி ஆளின் முதல் எறி விழுந்தது, ஒரு பாயின்ட் பின்னால் போனோம். இரண்டாவது வளையத்தில் பட்டு வெளியே வந்தது. ஆரோக்கியத்தால் குதிக்க முடியாது. ஆனால் பந்து எங்கே வரும் என்று பதினோரு வருஷமாகத் தெரியும். வந்த பந்தைப் பிடித்தான், திரும்பிக்கூடப் பார்க்காமல் எறிந்தான். அங்கே ஆள் இருப்பான் என்று எந்த தைரியத்தில் எறிந்தானோ! இருந்தான். சலீம் எப்போதோ ஓட ஆரம்பித்திருந்தான், ஒருத்தரும் சொல்லாமல். பந்து கூடையில் விழுந்தது, விசில் ஊதியது. ஒரு பாயின்டில் ஜெயித்தோம். பெனடிக்ட் மாஸ்டர் முழுக்க முழுக்கத் தமிழிலேயே கத்தினார். நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து யாருக்கும் கொடுக்காமல் நானே குடித்துவிட்டேன்.

முதலாளி இறங்கி வந்தார். இரண்டு கையிலும் பஞ்சாமிர்த டப்பா. ஒன்றை ஆரோக்கியத்திடம் கொடுத்தார். இன்னொன்றைக் கொடுக்கக் கழுத்தை நிமிர்த்திச் சின்னராசுவைப் பார்த்தார். "ஏழாவது வந்தாச்சு, வேன் ஒங்களுக்குத்தான். அடுத்த வருசம் மூணாவது வரணும். ஏலே, ஒன்னைய மாதிரி வீட்டுல தம்பி கிம்பி இருக்கானாலே?" சின்னராசு கூச்சத்தோடு குனிந்தான்: "தம்பி இல்லைங்க மொதலாளி. தங்கச்சிதான் இருக்கு. எங்க வீட்டுல நான்தாங்க குட்டை."

ஏழாவது இடம் எவ்வளவு உயரம் என்பது, எட்டாவது இடத்தில் ஒரு வருஷம் முழுக்க உட்கார்ந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும்.